ஜெபசீலியின் வழியில் நின்றவள்

வலை கட்டிய கோலில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் லாக்ராஸ். கல்லூரி மகளிர் அணியில் செண்பகவல்லிக்கு இரண்டு வருடமாகப் பெஞ்சுதான். மற்றவர்கள் ஆடும்போது பெஞ்சுக்கு அடியில் அவள் கால்கள் தாமாக ஓடிக்கொண்டிருக்கும்.

கேப்டன் ஜெபசீலி தோளால் இடித்துக்கொண்டு ஓடுவாள். பயிற்சியில் எல்லோரும் பயந்து வழிவிடுவார்கள்.

"என்னை ஒரு மேட்ச்சாவது இறக்குங்க சார்" என்று கேட்டாள் செண்பகவல்லி.

கோச் ஞானதுரை சிரித்தார். "ஏட்டி, கோலும் கையும் படாம ஜெபசீலியை நிறுத்து. நாளைக்கே ஆடலாம்."

"நடுவர் வேணும் சார்."

"கூட்டிட்டு வா!"

மாலையில் நடுவர் வந்தார். ஜெபசீலி பந்தோடு புறப்பட்டாள். செண்பகவல்லி வெகுமுன்பே அவள் வழியில் போய் அசையாமல் நின்றாள். விலகிப் போக இடமிருந்தும் ஜெபசீலி பழக்கப்படி நேராக வந்து இடித்தாள். செண்பகவல்லி மல்லாந்து விழுந்தாள். விசில் ஒலித்தது.

"இவங்க முதல்லயே வந்து நின்னுட்டாங்க. விலக நேரமிருந்தும் கேப்டன் இடிச்சாங்க. சார்ஜிங் ஃபவுல். பந்து இவங்களுக்கு" என்றார் நடுவர்.

"இவ சும்மாதானே நின்னா!" என்று கத்தினார் கோச்.

"ரெண்டு வருஷமா அதைத்தானே சார் பழக்குனீங்க?" என்றபடி செண்பகவல்லி எழுந்தாள்.

ஜெபசீலி விலகி நின்றாள். பந்து கைக்கு வந்ததும் செண்பகவல்லி ஓடவில்லை. கோலின் வலைக்குள் கிடந்த அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.