நெஞ்சு உசரம்

தொப்!

கேட்டுச்சா? இன்னொரு தரம். தொப்! ஒரு ஊர்ல, வெயில்கூட இன்னும் ஏறாத காலையில, பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு சத்தம். தேங்கா விழுதோ? அங்க தென்னையே கிடையாது. மூட்டை இறக்குறாங்களோ? வண்டியும் இல்ல. எட்டிப் பார்த்தா, மணல் குவியல்ல ஒரு பொண்ணு மல்லாந்து கிடந்து சிரிக்கிறா.

"ம்."

அவ பேரு இசக்கியம்மா. வயசு பதினாலு. கயிறு தாண்டுறதுல அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். கயித்தோட ஒரு முனை வாலிபால் கம்பத்துல, மறுமுனை அவ கூட்டாளி ரஹ்மத் கையில. அளக்க ஸ்கேலும் இல்ல டேப்பும் இல்ல. ரஹ்மத் உடம்புதான் அளவு. முழங்கால் உசரம், இடுப்பு உசரம், நெஞ்சு உசரம். அன்னைக்கு நெஞ்சு உசரத்தைச் சர்ருனு தாண்டிட்டா இசக்கி.

அதைப் பார்த்துட்டாங்க விளையாட்டு டீச்சர் ஸ்டெல்லா. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாடியும் இதே உசரம் தாண்டு. மாவட்டப் போட்டிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டாங்க. இசக்கிக்கு வீடு போற வரைக்கும் கால் தரையில படல.

அப்புறம் என்னாச்சு, திங்கக்கிழமை பக்கத்து வீட்டு மதினி வந்தாக. "ஏ கோமு, உம்மக மான் மாதிரி தாவுதாளாமே?"

கோமுதான் இசக்கியோட அம்மா. அவ உடனே, "அய்ய, யாரு சொன்னா? வாசப்படியே தடுக்கி விழுவா மதினி"ன்னா.

கதவுக்குப் பின்னாடி நின்னு இசக்கி கேட்டுட்டா. மறுநாள் ஓடி வந்து தாவுனா பாரு, சடக்! கயிறு கால்ல மாட்டிக்கிச்சு. இடுப்பு உசரம்தான் தாண்ட முடிஞ்சுது.

"ஏன் முடியல?"

அதைத்தான் அவளும் யோசிச்சா. "ஏட்டி, நீ வளந்துட்டட்டி. அதான் உன் நெஞ்சு மேல போயிருச்சு"ன்னா ரஹ்மத்கிட்ட.

"ஒரே ராத்திரியில எவட்டி வளருவா? நான் என்ன முருங்கக்காயா?"ன்னு ரஹ்மத் சுவத்துல சாஞ்சு நின்னு கோடு போட்டுக் காட்டுனா. ஒரு நூல்கூட வளரல. கயிறு இறுகிப்போச்சோன்னு வேற கயிறு கட்டிப் பார்த்தாங்க. பழைய சோறு வயித்துல கனக்குதோன்னு வெறும் வயித்தோட ஓடிப் பார்த்தா. சடக், சடக்.

அப்புறம் புதன்கிழமை கோவில்பட்டி அத்தை வந்தா. "அண்ணன் மகளுக்குக் காலு என்னா நீளம்!"னு மெச்சுனா. அம்மா சும்மா இருந்தாளா? "நீளம் இருந்து என்ன மதினி, பலம் இல்லையே. நோஞ்சான்"னு சொன்னா. மறுநாள் காலையில இடுப்பும் போச்சு. முழங்கால் உசரம் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு இசக்கிக்கு. மணல்ல உக்காந்து, "எங்க அம்மா சொல்றதுதான் சரி. நான் ஒன்னுத்துக்கும் ஆகமாட்டேன்"னா.

ரஹ்மத் கயித்தைச் சுருட்டி அவ தலையில வச்சா. "உங்க அம்மா நீ தாண்டுறதை என்னைக்கு வந்து பார்த்தாக? பார்த்தது நானு. ரெண்டு கண்ணால பார்த்தேன், ஒன்னரைக் கண்ணு இல்ல எனக்கு"ன்னா. இசக்கிக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா கால் மட்டும் கேக்கல.

மூணாவதா யாரு வந்தா? அன்னைக்கு சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சரே வந்துட்டாங்க, போட்டிக்கு அனுப்புற காகிதத்துல அம்மா கையெழுத்து வாங்க. "உங்க பொண்ணு பெரிய ஆளா வருவாம்மா"ன்னாங்க.

கோமுவுக்கு முகம் வெளிறிப்போச்சு. "இல்ல டீச்சர். இவ தாண்ட மாட்டா, விழுந்துருவா. வேற பிள்ளையப் பாருங்க"ன்னு பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டா. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் காகிதம் என்கிட்ட இருக்கும்"னு சொல்லிட்டு டீச்சர் போயிட்டாங்க.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். சொல்லு."

டீச்சர் தெருமுனை திரும்பல, கோமு உள்ள ஓடுனா. உப்பு, வத்தல் மிளகா, கடுகு எல்லாம் கையில அள்ளிக்கிட்டு இசக்கியை உக்கார வச்சு மூணு சுத்து சுத்துனா. தூ, தூ, தூன்னு துப்பச் சொன்னா. அடுப்புல போட்டா. படபட, படபட, பட்!

"பாத்தியா, இம்புட்டு வத்தல் போட்டும் நெடியே இல்ல. அத்தனை கண்ணு உம்மேல"ன்னா.

இசக்கி அடுப்பையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்குள்ள ஒரு கேள்வி மெதுவா எந்திரிச்சுது.

"யம்மா, நடந்தா தடுக்கி விழுறவ மேல எவம்மா கண்ணு வைப்பா?"

கோமு கை அப்படியே நின்னுபோச்சு.

"சொல்லும்மா. நான் நோஞ்சான்தானே? நோஞ்சானுக்கு எதுக்குத் திருஷ்டி கழிக்க?"

அப்புறம் கோமு தரையில உக்காந்தா. "உங்க மாமா சின்னதுல மரம் ஏறுறதை ஊரே மெச்சும். நானும் போற வாறவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசுனேன். ஒரு நாள் கொப்பு முறிஞ்சு விழுந்தான். இன்னைக்கும் நொண்டுறான். அதான் உன்னைப் பத்தி யாரு நல்லதா சொன்னாலும், நான் முந்திக்கிட்டுக் குறைச்சுச் சொல்லிருவேன். கண்ணு படாதுல்ல?"

"எவ கண்ணும் படலம்மா"ன்னா இசக்கி. "நீ சொன்னதுதான் பட்டுருச்சு. திங்கக்கிழமை சொன்னதுக்கு இடுப்புக்கு வந்தேன். புதன்கிழமை சொன்னதுக்கு முழங்காலுக்கு வந்துட்டேன். இன்னைக்கு நீ சொன்னதுக்கு நாளைக்கு எங்க போவேனோ தெரியல."

கோமு ராவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல ஒரே கூட்டம். டீச்சர் கயித்துக்குப் பதிலா கம்பு வச்சுட்டு, "எத்தனை உசரம்?"னு கேட்டாங்க. "நானே அளவு டீச்சர்"னு ரஹ்மத் ஓடிப்போய் நெஞ்சை நிமித்தி நின்னா. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. இசக்கி மட்டும் ஓரமா நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அப்போ வாசல்ல கோமு. வேர்த்து விறுவிறுத்து வந்து, டீச்சர் காதுகிட்ட என்னமோ முணுமுணுத்தா.

"கேக்கலம்மா."

"அவ தாண்டுவா... ஆனா, கொஞ்சம் சுமாரா..."

"என்னம்மா?"

கோமு மகளைத் திரும்பிப் பார்த்தா. முந்தானையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பயத்துல கண்ணை மூடிக்கிட்டு, மைதானமே திரும்புற மாதிரி கத்துனா: "எம்மக நல்லா தாண்டுவா டீச்சர்! காகிதத்தைக் குடுங்க!"

இசக்கி ஓடுனா. திடுதிடு திடுதிடுன்னு ஓடி, ஒரு எம்பு. குதிகால் லேசா உரசிருச்சு. கம்பு ஆடுச்சு, ஆடுச்சு, கிடுகிடுன்னு ஆடுச்சு... விழல.

"ஹை!"

ரஹ்மத் போட்ட கூச்சல்ல காக்கா எல்லாம் பறந்துபோச்சு. "இன்னும் ஏத்துங்க டீச்சர், என் நாடி உசரம்!"னு தாடையைத் தொட்டுக் காட்டுனா. அதைத் தாண்டையில கம்பு டணால்னு விழுந்துச்சு, கூடவே இசக்கியும் விழுந்தா. காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருந்த கோமு பதறி எந்திரிச்சா. மக சிரிக்கிறதைப் பார்த்துட்டு மெதுவா உக்காந்துட்டா.

மறுநாள் கோமு முறத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. தயிர்க்கார அக்கா வந்து, "உம்மக ஊரு தாண்டிப் போட்டிக்குப் போறாளாமே?"ன்னா.

"அய்ய, அதெல்லாம் சு..."ன்னு வந்துட்ட பேச்சைக் கோமு அப்படியே முழுங்குனா. உள்ள இசக்கி தலை சீவிக்கிட்டு இருந்த சத்தம் நின்னுபோச்சு.

"ஆமாக்கா, போறா"ன்னா கோமு. "நல்லாத் தாண்டுறா."

சொல்லிட்டு அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்தா. உள்ள மறுபடியும் சீப்பு சத்தம் கேட்டுச்சு. கோமு குனிஞ்சு, அடுத்த கொத்துக் கீரையை எடுத்து ஆய ஆரம்பிச்சா. கதையும் ஆஞ்சு தீந்துச்சு, கண்ணை மூடு.