சிங்கராயரின் க்ரியான்ஸா

புதுச்சேரியில் ஒயின் சுவைக்கக் கற்றுக்கொடுக்கும் செலினிடம் சிங்கராயர் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. செலினுக்கு முப்பத்தாறு.

சிங்கராயர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். முப்பது வருடமாகப் பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் மிதித்தே பழகியவர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும்.

வகுப்பு சனிக்கிழமை பிற்பகல்களில், ஒரு ஒயின் கடையின் மாடியில் நடந்தது. மொத்தம் ஏழு பேர். முதல் நாள் செலின் ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் ரசனை, ஆர்வம் என்று ஏதேதோ சொன்னார்கள். சிங்கராயர் உள்ளதைச் சொன்னார்.

"பிரான்ஸ்லேர்ந்து எங்க அண்ணன் வர்றாரு டீச்சர். அவர் வாயை அடைக்கணும். அதுக்கு எந்த ஒயின், என்ன பேசணும்னு சொல்லிக்கொடுங்க."

"எப்ப வர்றாரு?"

"அஞ்சு வாரத்துல."

செலின் தலையசைத்து, அடுத்தவரிடம் போய்விட்டார்.

அண்ணன் பெயர் ஞானாதிக்கம். துலூஸ் நகரத்தில் நாற்பது வருடமாக இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சிங்கராயர் அங்கே போயிருந்தபோது, அண்ணன் தன் நண்பர்களை விருந்துக்கு அழைத்து, ஒரு ஒயினை ஊற்றிக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டார். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் புளிக்குது என்று சிங்கராயர் சொன்னார். அண்ணன் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். மேசையே சிரித்தது. பிறகு தமிழில், இவனுக்கு ஒயினும் இருமல் மருந்தும் ஒண்ணுதான் என்றார். சிங்கராயர் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அண்ணன் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள், அப்பா வருகிறார், உங்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட ஆசைப்படுகிறார் என்று.

முதல் வாரம் செலின் சிங்கராயருக்கு ஊற்றியது வட ஸ்பெயினில் ரியோஹா என்ற பகுதியிலிருந்து வந்த சிவப்பு ஒயின். லேபிளில் க்ரியான்ஸா என்று இருந்தது. ஒரு வருடமாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்து, பிறகு பாட்டிலிலும் கொஞ்ச காலம் கிடந்த ஒயினுக்கு அங்கே அப்படிப் பெயர். கீழே கடையில் விலை குறைந்த தட்டில் இருப்பது.

சிங்கராயர் ஒரே மடக்கில் குடித்தார். வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்: தோல், புகையிலை, தேவதாரு மரம்.

"தேவதாரு மரத்தை மோந்து பார்த்திருக்கீங்களா?" என்று செலின் கேட்டார்.

இல்லை என்றார் சிங்கராயர்.

இரண்டாவது வாரமும் அவருக்கு அதே க்ரியான்ஸாதான். மற்ற ஆறு பேரும் இத்தாலி, சிலி என்று போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரமும் அதே பாட்டிலைக் கண்டதும் சிங்கராயர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். இத்தனை நாள் மரத்தில் வைத்திருந்த ஒயின் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதில் ஏதோ குறை இருக்க வேண்டும், தன்னை மட்டும் ஏன் இதிலேயே கட்டிப்போட்டிருக்கிறார் என்று கேட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

செலின் அவரை உட்காரச் சொல்லவில்லை. தான் ரியோஹாவில் ஒரு ஒயின் நிலவறையில் வேலை பார்த்ததைச் சொன்னார்.

மேல் வரிசைப் பீப்பாயிலிருந்து கீழ் வரிசைப் பீப்பாய்க்கு ஒயினை இறக்க வேண்டும். அடியில் மண்டி தங்கியிருக்கும். ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, பின்னால் மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் நல்ல ஒயின் வீணாகும். கொஞ்சம் தாமதித்தால் மண்டி வந்துவிடும். கலங்கல் தெரிகிற அந்த நேரத்தில் அடைக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. சுற்றுவட்டாரத்தில் எல்லா நிலவறையிலும் அப்படித்தான். தினம் சாப்பாட்டோடு குடிக்கிறவர்களுக்காகச் செய்வது, அதனால் விலையை யாரும் ஏற்றுவதில்லை.

"நீங்க இறக்கின ஒயின் எப்படி இருந்துச்சு?" என்று சிங்கராயர் கேட்டார்.

"தெரியாது. அது விற்பனைக்கு வர்றதுக்குள்ள நான் ஊருக்கு வந்துட்டேன்."

"அப்ப யாரு குடிச்சாங்க?"

"அதுவும் தெரியாது சார்."

சிங்கராயருக்கு எரிச்சலாக இருந்தது. இது ஒரு பதிலா என்று படியிறங்கும்போது முணுமுணுத்தார். ஆனால் நான்காவது வாரமும் வந்தார். அதே ஒயின். பேச ஒன்றும் மிச்சமில்லை என்ற கோபத்தில் ஒரு மணி நேரம் கிளாஸைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நேரம் போகப் போக ஒயினின் வாசனை மாறுவதைக் கவனித்தார். அதைச் செலினிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அண்ணன் வருவதற்கு முதல் நாள் கீழே கடைக்குப் போய், ஸ்பெயின் வரிசையிலேயே விலை அதிகமான பாட்டிலை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். கடைக்காரர் பையில் போடும்போது அவர் பையைப் பிடித்து நிறுத்தினார். அண்ணன் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வது. இதை அவர் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு க்ரியான்ஸாவை வாங்கிக்கொண்டு போனார். வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞானாதிக்கம் காரிலிருந்து இறங்கியபோது சிங்கராயருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை உடம்பில் தொங்கியது. கழுத்தில் ஒரு பக்கம் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அப்பா கொஞ்சம் மெலிந்திருக்கிறார் என்று மட்டும்தான் மகள் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் குழைந்த சோற்றை ரசத்தில் கரைத்து மெதுவாகச் சாப்பிட்டார். வறுத்த மீனைத் தொடவில்லை. சிங்கராயர் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். ஐந்து வாரம் தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினார். திராட்சையின் பெயர் டெம்ப்ரானியோ, பீப்பாய் அமெரிக்க ஓக், இத்தனை மாதம் மரத்தில், இத்தனை மாதம் பாட்டிலில். வேகமாகப் பேசினார். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தண்ணி மாதிரி இருக்குடா தம்பி."

சிங்கராயருக்கு முகம் சுருங்கியது. இவ்வளவு தூரம் வந்தும் இதைச் சொல்லத்தான் வந்தாரா என்று நினைத்தார்.

"ஒயினைச் சொல்லல. தொண்டையில கேன்சர் கட்டி. கரண்டு வெச்சாங்க. அதுலேர்ந்து நாக்குக்கு ஒண்ணும் தெரியல. மூக்கும் போச்சு. பதினாலு மாசம் ஆச்சு."

சிங்கராயரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று சிங்கராயருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவருக்கே அவர்மேல் அருவருப்பு வந்தது.

"நீ குடிச்சுச் சொல்லு," என்றார் அண்ணன்.

சிங்கராயர் ஒரு வாய் குடித்தார். தோல், புகையிலை என்று ஆரம்பித்தார்.

அண்ணன் கையை உயர்த்தினார். "அதெல்லாம் நான் அங்க நாலு பேர் முன்னாடி சொல்லிக்கிட்டிருந்தது. அதைக் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு."

சிங்கராயர் மறுபடி குடித்தார். இந்த முறை விழுங்க அவருக்கு நேரம் ஆயிற்று.

"முதல்ல பழம் வருது," என்றார். "பிளம்ஸ் பழம். தோல்கிட்ட மட்டும் புளிக்குமே, அது."

"ம்."

"அப்புறம் கொப்பரை. கொப்பரையை உடைச்சுட்டுக் கையை மோந்தா இருக்கிற மாதிரி."

"ம். அப்புறம்?"

சிங்கராயர் கிளாஸை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மனப்பாடம் செய்த எதுவும் உதவிக்கு வரவில்லை.

"நம்ம மாதா கோயில்ல சாமியார் அங்கி மாட்டுற அலமாரி இருக்குல்ல," என்றார். "சின்ன வயசுல பூசைக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேரும் போய்த் திறப்போமே. மரமும் மெழுகுத்திரியும் பழைய துணியுமா ஒரு வாசம் அடிக்கும். அதுதான் இது. கடைசி வரைக்கும் அதுதான் நிக்குது."

ஞானாதிக்கம் கையை நீட்டினார். கீழே வைத்த கிளாஸை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் திரும்பிப் போன பிறகு வந்த சனிக்கிழமை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே சிங்கராயர் மாடிக்கு வந்துவிட்டார். செலின் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சிங்கராயர் உட்காராமலே சொன்னார். ஜன்னல் வரை போய்ப் போய்த் திரும்பினார்.

"ரெண்டு நாளா தூக்கமில்ல டீச்சர். நேத்து ஒரு பாட்டில் திறந்து பார்த்தேன். பழம் இருக்கு. கொப்பரை இருக்கு. அந்த அலமாரி வாசம் மட்டும் எவ்வளவு மோந்தாலும் கிடைக்கல. அன்னைக்கு அது இருந்துச்சா, இல்ல நானா கட்டிச் சொன்னேனா? மூக்கு போன மனுஷன்கிட்டப் பொய் சொல்லிட்டனோன்னு இருக்கு."

செலின் கையிலிருந்த கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணன் இன்னொரு கிளாஸ் கேட்டாரா?"

"கேட்டாரு."

"அப்ப இருந்துச்சு சார்."