அடுக்கி முடியாத அலமாரி

தொட்டமேட்டுல மேகம் தரையிலதான் நடக்கும். காலையில கதவைத் திறந்தா, கூப்பிடாத விருந்தாளி மாதிரி உள்ள வந்து உக்காந்துக்கும். டீ போட்டுக் குடுத்தாலும் கெளம்பாது.

அந்த மலையூர்ல மாதின்னு ஒரு குரு இருந்தா. முப்பத்திமூணு வயசு. தாடி கிடையாது, தத்துவம் கிடையாது, தையல் மெஷின்கூடக் கிடையாது. ஊசி, நூல், கத்திரி. அவ்வளவுதான். ஜனங்க வேண்டாம்னு கழிக்கிற துணியெல்லாம் எப்படியோ அவ வீட்டுக்கு வந்து சேரும். அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்து, நாலஞ்சு அடுக்கா வச்சு ஒட்டுப் போர்வை தைப்பா. விக்க மாட்டா. யாருக்குப் போர்வை வேணுமோ அவங்களே அங்க தங்கி, கத்துக்கிட்டு, தைச்சு எடுத்துட்டுப் போகணும்.

சிஷ்யன் பேரு ஆவுடையப்பன். குருவை விட இருபத்தெட்டு வயசு மூப்பு. திருநெல்வேலியில ஒரு ஜவுளிக்கடையில முப்பத்தெட்டு வருஷம் சேலை விரிச்சுக் காட்டினவரு. நாப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிப் பாத்துட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தோம்"னு எந்திரிச்சுப் போறவங்களைக்கூட சிரிச்ச முகமா அனுப்பி வச்ச மகான்.

அவரு சம்சாரம் செண்பகவல்லிக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிருச்சு. குளிரு மட்டும் எலும்புக்குள்ள தங்கிருச்சு. கத்திரி வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மாடியில வத்தல் காய வைக்கிற ஒரே பொம்பளை திருநெல்வேலியில அவங்கதான். ஆவுடையப்பன் வாங்கிக் குடுத்த கம்பளி அஞ்சு. எதுவும் எடுபடலை.

ஒரு தடவை மலைக்கு வந்த இடத்துல வண்டி மக்கர் பண்ணி, மாதி வீட்டுல ஒரு ராத்திரி தங்க வேண்டியதாப் போச்சு. மாதி தன்னோட போர்வையைச் செண்பகவல்லிக்குப் போத்தி விட்டா. அந்தம்மா மறுநாள் பத்து மணி வரைக்கும் எந்திரிக்கல. ஆவுடையப்பன் பயந்துபோய் மூக்குல கை வச்சுப் பாத்தாரு. வெறும் தூக்கம். ரெண்டு வருஷமா வராத தூக்கம்.

விலை கேட்டாரு. மாதி மாட்டேன்னு தலையை ஆட்டிட்டா. செண்பகவல்லிதான், "இருந்து கத்துக்கிட்டு வாங்களேன், ரெண்டு மாசம்தான"ன்னு சொன்னது. பக்கத்துத் தெருவுல மக இருக்கா, பாத்துக்குவா.

ரெண்டு மாசம் மூணு வருஷம் ஆச்சு. தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போவாரு, நாலு நாள்ல திரும்பி வந்துருவாரு. தைக்கக் கத்துக்கிட்டாரு. போர்வையிலதான் ஒரு தையல்கூட ஏறலை.

காரணம், மாதி வீட்டுப் பன்னெண்டு தட்டு அலமாரி.

வருஷம் பொறந்த முதல் நாள், அந்த வீட்டுத் துணி மொத்தத்தையும் கீழ இறக்கணும். தட்டைத் தொடச்சு, சிஷ்யன் தன் இஷ்டப்படி திரும்ப அடுக்கணும். அடுக்கி முடிச்சதும் மாதி வந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேப்பா. "செண்பகக்காவுக்கு எந்தத் தட்டுலேருந்து எடுப்பீங்க?" சரியான பதில் சொன்னா அன்னிக்கே வெட்ட ஆரம்பிச்சுரலாம்.

முதல் வருஷம் கலர்வாரியா அடுக்கினாரு. வானவில்லு வந்து, நமக்கு இங்க என்ன வேலைன்னு வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கும். ரெண்டாவது வருஷம் ரகவாரியா. பட்டு, பாப்ளின், வாயில், சுங்குடி. மூணாவது வருஷம் டிசைன்வாரியா, ஒவ்வொரு தட்டுலயும் சீட்டு ஒட்டி. மூணு தடவையும் மாதி கேட்டா. மூணு தடவையும் அவரு காட்டினது கண்ணு மட்டத்துல இருந்த தட்டை. அதுல மயில்கழுத்துப் பட்டுத் துண்டு ஒண்ணு இருந்துச்சு.

"இதுதான் தாயி நடுவுல வரணும். இதுக்கு ஜோடியா இன்னொரு துண்டு மாட்டுச்சுன்னா போதும், ஆரம்பிச்சுரலாம்."

"சரி அண்ணாச்சி. அடுத்த வருஷம் பாப்போம்."

நாலாவது வருஷமும் பொறந்துச்சு. காலையில செண்பகவல்லி போன். புது வருஷ வாழ்த்து, பேத்தி பரீட்சை, குழாய்ல தண்ணி வரலைங்கிறதெல்லாம் பேசிட்டு, போர்வை ஆச்சான்னு கேட்டாங்க. இன்னும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கின்னு இவரு சொன்னாரு.

"அது எனக்குப் போத்தவா, என்னை மூடவா? சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தகுந்தாப்ல இருந்துக்குவேன்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சப்புறம் போன்ல வேறொரு சத்தம் கேட்டுச்சு. பல்லு தந்தி அடிக்கிற சத்தம். ஆவுடையப்பன் போனை வச்சுட்டு, தட்டுல இருந்த துணியெல்லாத்தையும் வாரித் தரையில கொட்டினாரு. நேரா மாதிகிட்ட போய் நின்னாரு.

"தாயி, நீங்களே சொல்லிருங்க. இதை எப்படித்தான் அடுக்கணும்?"

மாதி எந்திரிச்சுப் போய் வாசக் கதவையும் ரெண்டு ஜன்னலையும் அகலமாத் திறந்து விட்டா.

அதுக்காகவே காத்திருந்த மாதிரி மூடுபனி உள்ள வந்துச்சு. முதல்ல அலமாரி காணாமப் போச்சு. அப்புறம் சுவரு. அப்புறம் மாதி. கடைசியா ஆவுடையப்பனோட முழங்காலுக்குக் கீழ நிழல் மாதிரிதான் தெரிஞ்சுச்சு. தரையில கெடந்த துணியெல்லாம் கலரை உதுத்துட்டு, குமிஞ்சு படுத்துத் தூங்குற ஆட்டு மந்தை மாதிரி சாம்பலாக் கெடந்துச்சு. செகப்புன்னு ஒண்ணு இருந்துச்சான்னே சந்தேகம் வந்துருச்சு அவருக்கு.

"கண்ணு தெரியலையே. பனி போகட்டும் தாயி."

"இப்பவே அடுக்குங்க."

குரல் எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு புடிபடலை.

"எதைப் பாத்து?"

"கன்னத்துல வச்சுப் பாருங்க."

ஆவுடையப்பன் மண்டி போட்டாரு. கையில சிக்கின முதல் துணியை எடுத்துக் கன்னத்துல வச்சாரு. வழவழன்னு, பல்லி மேல ஏறின மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. தூக்கி எடது பக்கம் போட்டாரு. அடுத்தது மொறமொறன்னு கஞ்சி போட்ட துணி. அதுவும் எடது பக்கம். அடுத்தது என்னமோ தெரியல, பூனைக்குட்டி கணக்கா வந்து ஒட்டிக்கிச்சு. அதை வலது பக்கம் வச்சாரு.

நேரம் போனது தெரியலை. கடையில வேலை பாத்த அத்தனை வருஷமும் பனியா மாறி எதிர்ல பாய் விரிச்சு உக்காந்திருக்கிற மாதிரி அவருக்குத் தோணுச்சு. யாரும் அதை எடு இதை எடுங்கலை. கலர் இல்லையான்னு கேக்கலை. எங்கயோ தொலைவுல, இல்ல காதுக்குப் பக்கத்துல, செண்பகவல்லி மூச்சு விடுற சத்தம். ஒவ்வொரு துணியையும் வைக்கிறப்ப, இது அவ கழுத்துக்கு, இது அவ காலுக்குன்னு அவரு கையே பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு மாட்டுச்சு. அன்னிக்குத் தொட்டதுலேயே அதுதான் கதகதன்னு இருந்துச்சு. அடுப்புமேட்டுல கெடந்த மாதிரி.

"தாயி, மாட்டிருச்சு"ன்னு பனியைப் பாத்துச் சொன்னாரு. "இதுதான்."

"வலது பக்கம் வைங்க"ன்னு பனி சொல்லுச்சு.

வெயில் வந்துச்சு. மூடுபனி சொல்லிக்காமக் கெளம்பிப் போச்சு. ஆவுடையப்பன் ரெண்டு குவியலையும் பாத்தாரு.

எடது பக்கம் அழகோ அழகு. மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு. அந்தப் பல்லி வேற யாரும் இல்லை, மூணு வருஷமா ஜோடி தேடிக்கிட்டு இருந்த அதே பட்டு. வலது பக்கம், பழைய பனியன் துணி, தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சுபோன லுங்கி, காக்கி டவுசர் கிழிசல், பல்லு தேய்க்கிற குரங்கு பொம்மை போட்ட பிளானல். கடையில இதை வச்சுத்தான் கண்ணாடி தொடைப்பாங்க.

"இதையா அவளுக்குத் தைக்கிறது? மாடியில காயப் போட்டா ஊரே சிரிக்குமே தாயி."

"குளிருறது அக்காவுக்கு அண்ணாச்சி. ஊருக்கா?"

ஆவுடையப்பன் எடது பக்கக் குவியலை எடுத்து அலமாரியில வைக்க ஆரம்பிச்சாரு. கலர் பாக்கலை, ரகம் பாக்கலை. மாதி தரையில உக்காந்து வலது பக்கத்தை ஒரு வேட்டியில போட்டு மூட்டை கட்டிக்கிட்டு இருந்தா. உள்ள ரெண்டு ஊசி, நூல்கண்டு, ஒரு கத்திரி. மேல கெடந்த ஒண்ணை மட்டும் வெளிய எடுத்து வச்சிருந்தா.

அவரு திரும்பினப்ப அதைப் பாத்தாரு. பனிக்குள்ள கடைசியா மாட்டின, கதகதன்னு இருந்த துணி. ஈரிழைத் துண்டு, ஓரத்துல பச்சைக் கரை.

தோளைத் தடவிப் பாத்தாரு. காலியா இருந்துச்சு. குனிஞ்சு நிமிந்ததுல எப்ப நழுவி விழுந்துச்சோ.

சிரிப்பு வந்துச்சு. பாதியிலேயே நின்னுருச்சு.

"இது துணியோட சூடு இல்ல தாயி. என் கழுத்துல கெடந்த சூடு." துண்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு அலமாரியைப் பாத்தாரு. "இதை எந்தத் தட்டுல வைக்க?"

மாதி மூட்டை முடிச்சை இறுக்கினா.

"தட்டுல வச்சா ஆறிரும் அண்ணாச்சி. ரெண்டு மணி பஸ்ஸுல கொண்டு போங்க."