சுவாமி நின்ற கவைக்கம்பு

தாமிரபரணிக் கரையில் மருதங்குறிச்சி என்றோர் ஊர். அங்கே எழுந்தருளியிருக்கும் மருதவாணருக்குச் சீர்பாதம் தாங்கியாக இருந்தவர் ஆவுடைநாயகம். சுவாமி வீதியுலா வரும்போது, சப்பரத்தைத் தாங்கும் நீண்ட மரமான தண்டியத்தைத் தோளில் சுமக்கிற வேலை. ஊரார் சுவாமியைப் பார்த்துக் கும்பிடலாம். சுமக்கிறவரோ பாதையைத்தான் பார்த்தாக வேண்டும். ஊரே வியந்து பேசுகிற அலங்காரத்தை அவர் ஒருநாளும் கண்ணாரக் கண்டதில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. தோளில் அழுத்துகிற பாரமே தரிசனம் என்று இருந்துவிட்டார். மற்ற நாட்களில் வாகனங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, துணி போர்த்தி வைப்பார்.

புறப்பட்ட சுவாமி கோயிலுக்குத் திரும்பும்வரை தரையில் இறங்கலாகாது என்பது அந்த ஊர் வழக்கம். ஆகையால் சுமப்பவர் ஒவ்வொருவர் கையிலும் தலை கிளைபிரிந்த ஒரு கவைக்கம்பு இருக்கும். ஊரார் செய்யும் மண்டகப்படிப் பூசைக்காக நிற்கும் இடங்களில் கம்பைத் தரையில் ஊன்றி, அதன் கவையில் தண்டியத்தைத் தாங்கவிட்டுத் தோளை ஆற்றிக்கொள்வார்கள். ஆவுடைநாயகத்தின் கம்பு வைரம் பாய்ந்த கருவேலம். அடியில் இரும்புப் பூண் போட்டது.

இளமை முழுதும் ஒரே பக்கம் பாரம் ஏற்றிய உடம்பு, கடைசியில் வலது இடுப்பில் கணக்குத் தீர்த்துக்கொண்டது. மூட்டு தேய்ந்து, நடை நொண்டி, பிறகு நடையே நின்றுபோனது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். நன்றாகப் பொருந்திவிட்டது, ஆனாலும் கொஞ்சம் வலி தங்கத்தான் செய்யும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சம்மணம் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது, சுமை தூக்கவே கூடாது. ஆனால் தினமும் நடக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டால் உடம்பு இறுகிப்போகும் என்றார்.

சுமை தூக்கவே கூடாது என்ற சொல்லில் ஆவுடைநாயகம் நொறுங்கிப்போனார். மாதங்கள் கடந்தும் வலி விட்டபாடில்லை. காலையில் கட்டிலை விட்டு எழும்போது ஆணி அறைந்ததுபோல் ஒரு குத்து. நாற்காலியில் உட்கார்ந்தபடி கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒருநாள் வாய்விட்டே கேட்டார்: “தோளை வாங்கிக்கிட்டீரு, சரி. காலையும் வாங்கிக்கிட்டா எதை வச்சு உம்மைச் சுத்துவேன்?”

கேட்டு முடித்ததுமே அவருக்கு ஒன்று உறைத்தது. வாங்கிக்கொண்டது தோளை மட்டும்தான். கால் இன்னும் இருக்கிறது; வலிக்கிறது என்றால் இருக்கிறது என்றுதானே பொருள்.

மறுநாள் விடிந்ததும் வீதிக்கு இறங்கினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கைத்தடி வீட்டோடு நின்றது. வீதிக்குத் தன் பழைய கவைக்கம்பையே எடுத்துக்கொண்டார். சுமப்பவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். ஒருவர் காலில் கல் குத்தினாலும் சப்பரம் ஒரு பக்கம் சாயும். சுவாமி சுற்றி வரும் நான்கு வீதியிலும் கல்லும் முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்காமல் பார்ப்பதைத் தன் தொண்டாக எடுத்துக்கொண்டார். குனிய முடியாதே, கம்பின் பூணால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டு சேர்ப்பார். முதலில் கீழவீதி முனைவரைதான் முடிந்தது. பிறகு தெற்கு வீதி. வலி ஏறினால், சுவாமி நின்று இளைப்பாறும் மண்டகப்படி இடங்களில் தாமும் நின்று இளைப்பாறுவார்.

அவர் மனைவி பிரமுவுக்கு மனசு கேட்கவில்லை. முகம் சுண்டித் திரும்பி வந்தவரிடம், வலிக்குதுன்னா படுத்துக்கிடக் கூடாதா என்று கடிந்துகொண்டாள்.

“படுத்தாலும் வலிக்கத்தானே செய்யுது. வலிக்கிற வலி சுவாமி வீதியில வலிச்சிட்டுப் போகட்டுமே” என்றார் ஆவுடைநாயகம். அந்த அம்மாள் வெந்நீர் ஒத்தடத்துக்கு அடுப்பை மூட்டப் போய்விட்டாள்.

தண்டியத்தில் அவர் இடத்துக்கு வந்திருந்தவர் நயினார் என்ற வாலிபர். நல்ல தோள், துடுக்கான வாய். கம்பூன்றி வருகிற பெரியவரைக் கண்டால், “அண்ணாச்சி தனியாவே புறப்பாடு வாராரு, மேளத்தைக் கூப்பிடுங்கவே” என்பார். டீக்கடையே சிரிக்கும். ஆவுடைநாயகமும் சிரித்துவிட்டு அடுத்த கல்லைத் தள்ளுவார். உள்ளே சுருக்கென்று தைக்காமல் இல்லை. ஆனாலும் நயினாரின் கால் படப்போகிற பாதைதானே அது என்று இன்னும் கவனமாகத் தள்ளுவார்.

பங்குனித் திருவிழா வந்தது. ரிஷப வாகனத்தன்று ஆவுடைநாயகம் சப்பரத்துக்கு முன்னால், பாதையைப் பார்த்தபடி நடந்தார். மேலவீதி மண்டகப்படியில் சுவாமி நின்றார். மற்றவர்கள் கம்பை ஊன்றினார்கள். நயினார் கை வெறுமையாக இருந்தது. முந்தின மண்டகப்படியில் தண்டியத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டபின், கொடுத்த வடையைத் தின்னக் கம்பைத் தூணில் சாய்த்தவர், சுவாமி கிளம்பிய அவசரத்தில் அங்கேயே விட்டு வந்துவிட்டார். பின்னால் ஊசி நுழையாத கூட்டம். போய் எடுக்க வழியில்லை. பூசையோ இப்போதுதான் தொடங்குகிறது. ஒரு மூலைப் பாரம் முழுவதும் ஒற்றைத் தோளில் இறங்கியது. சப்பரம் சரியத் தொடங்கியது.

ஆவுடைநாயகம் தம் கம்பை நீட்டினார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு?” என்றார் நயினார்.

“என்னைப் பிறகு பாரு. முதல்ல சுவாமியை நிறுத்து.”

கம்பு ஊன்றியது, கவையில் தண்டியம் அமர்ந்தது, சப்பரம் நிமிர்ந்தது. ஆவுடைநாயகம் கம்பில்லாமல் காலை மட்டும் நம்பி நின்றார். இடுப்பில் நெருப்பாய் எரிந்தது. தாங்கிப் பிடிக்க வந்தவரைக் கையமர்த்திவிட்டுத் தலையை நிமிர்த்தினார். தோளில் பாரமும் இல்லை, கையில் கம்பும் இல்லை; பாதையைப் பார்க்க வேண்டிய அவசியமும் அந்தக் கணம் இல்லை. தீபாராதனை வெளிச்சத்தில் மருதவாணரின் அலங்காரத் திருமுகத்தை அன்றுதான் கண்ணாரக் கண்டார். கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. பூசை முடியும்வரை அந்தக் கால் மடங்கவில்லை.

பூசை செய்த சபாபதி பட்டர் எல்லாவற்றையும் சப்பரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சுவாமி தோளில் கிடந்த மாலையைக் கழற்றி, இறங்கி வந்து, ஆவுடைநாயகத்தின் கழுத்தில் போட்டார்.

“இத்தனை காலமும் உம்ம தோள்ல நின்னார் ஓய். இன்னைக்கு உம்ம கால்ல நிக்கறார்.”

சப்பரம் கிளம்புமுன் நயினாரின் கம்பு கூட்டத்தில் கைமாறி வந்து சேர்ந்தது. தண்டியத்தை அதில் தாங்கவிட்டு, நயினார் பெரியவரின் கம்பை இரு கைகளாலும் ஏந்தி வந்து கொடுத்தார். கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. ஆவுடைநாயகம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சப்பரத்துக்கு முன்னால் போய் நடக்கத் தொடங்கினார்.

வலி போகவில்லை. மறுநாள் காலையும் அதே குத்தோடுதான் எழுந்தார். அதே கம்போடுதான் கீழவீதியில் இறங்கினார். வலி தீரட்டும் என்று காத்திராமல் ஈசன் வீதியை வலம் வந்த அந்தப் பாதங்களை நாமும் ஒருகணம் நினைத்து வணங்குவோம்.