முடிச்சை அவிழ்த்துப் பார்த்த தூக்கணாங்குருவி

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பாதித் தெரு போனபின், ‘பூட்டினோமா?’ என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடவை என்றால் சரி. நாற்பது தடவை திரும்பி வந்தால்?

நெல்லான் என்ற தூக்கணாங்குருவிக்கு அப்படித்தான் ஆகிவிட்டது.

குளத்தங்கரைக் கருவேலமரம் ஒன்று தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்றது. தூக்கணாங்குருவிகள் அதில்தான் கூடு கட்டும். போன வருஷம் அடித்த சூறைக்காற்றில் நெல்லானின் கூடு மட்டும் பிய்த்துக்கொண்டு, முட்டைகளோடு குளத்தில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் மனசுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வருஷம் பகலெல்லாம் ஓலை நாரால் முடிச்சுப் போடுவான். விடிந்ததும், “இறுக்கமாத்தான் போட்டேனா?” என்று அவிழ்த்துப் பார்ப்பான். மறுபடி போடுவான். மறுபடி அவிழ்ப்பான். ஐப்பசி மழைக்கு இன்னும் பத்தே நாள்! மற்ற கூடுகளில் நீள நீளமாக வாசல் தொங்கியது. நெல்லானின் கூடோ கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி பாதியில் நின்றது.

“டேய் நெல்லா! நான் ரெண்டாவது கூடே கட்டிட்டேன். நீ என்ன, கட்டுறியா, பிரிக்கிறியா?” என்று அடுத்த கிளைத் துடியான் சிரித்தான்.

“பிரிச்சுப் பார்த்தாத்தானேண்ணே தெரியும்!”

“கண்டதையும் நினைக்காதடா! எல்லாம் சோம்பல்!”

நினைக்கக் கூடாது என்று நெல்லான் பல்லைக் கடிக்காத குறையாக முயன்றான். பயம் இன்னும் கூடியது.

அடிமரத்தில் ஓர் ஓணான் இருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். நீள வாசல் வைத்த கூட்டுக்குள் அதனால் நுழைய முடியாது. அதனால் பாதிக் கூட்டுக்காரனிடம் மட்டும் ரொம்பப் பாசம்!

“தம்பி, எனக்கும் அந்த மூணாவது முடிச்சு மேலதான் சந்தேகம்” என்று தலையை ஆட்டியது ஓணான்.

“அப்படியாண்ணே? நானும் அதைத்தான் நினைச்சேன்!”

“எதுக்கும் அவுத்துப் பார்த்துடேன்! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நெல்லான் அவிழ்த்தான். ஓணான் சப்புக்கொட்டியது.

அன்று மனைவி கருவிழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னங்க, இன்னும் எட்டு நாள்ல முட்டை வச்சிடுவேன். பாதிக் கூட்டுல வச்சா ஓணானுக்குத்தான் விருந்து.”

“தெரியும் புள்ள. வேணும்னேவா செய்யறேன்? மூக்கு தானாப் போய் அவுத்துடுது. என்னால நிறுத்த முடியல!”

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டான். கருவிழி திட்டவில்லை.

“கால்ல முள்ளு குத்தினா வைத்தியர்கிட்டப் போறோம்ல? இதுக்கும் போவோம், வாங்க!”

“எல்லாரும் சிரிப்பாங்களே!”

“சிரிச்சா பல்லா தெரியப் போகுது? குருவிக்கு ஏதுங்க பல்லு!”

நெல்லானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வாகைமரத்து மரங்கொத்தி வைத்தியரம்மாவிடம் பறந்தார்கள்.

“எத்தனை நாளா இப்படி? தூக்கம் இருக்கா? சாப்பிடறீங்களா?” என்று வைத்தியரம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். “இது சோம்பல் இல்லைங்க. கூடு விழுந்தப்போ மனசுல பட்ட அடி. பயம் போனபிறகுதான் வேலைன்னு காத்திருந்தா மழை வந்துடும். பயம் பாட்டுக்குப் பக்கத்துல கத்தட்டும். ஒரு முடிச்சை ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்க. உடனே அடுத்த நார் எடுக்கப் பறந்துடுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா இங்க வந்துட்டுப் போங்க.”

“பயம் போயிடுமா, அம்மா?”

“குறையும். நாளாகும். அதுவரைக்கும் அதையும் வச்சுக்கிட்டே வாழலாம்!”

காற்றில் ரொம்ப ஆடாமல் இருக்கத் தூக்கணாங்குருவிகள் கூட்டுக்குள் ஈரமண் பூசுவது வழக்கம். திரும்பி வரும்போதே கருவிழி அதில் ஒரு யோசனை கண்டுபிடித்துவிட்டாள்.

“நீங்க ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சரின்னா முடிச்சு மேல நான் மண்ணை அப்பிடறேன். மண் பூசினதைத் தொடக்கூடாது. சரிதானா?”

“சரி!”

முதல் நாள் ஒரு முடிச்சு. மறுநாள் மூன்று. நான்காம் நாள் நெல்லானால் எழுந்திருக்கவே முடியவில்லை. இறகை உப்பிக்கொண்டு கிளையில் சுருண்டிருந்தான்.

“இன்னைக்கு ஒரே ஒரு நார் கொண்டாங்க, போதும்” என்றாள் கருவிழி.

சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு நார் கொண்டுவந்தான். அதையும் முடிந்தார்கள். மண் பூசினார்கள்.

ஓணான் விடுமா? “தம்பி, மண்ணுக்குள்ள அந்த முடிச்சு என்ன ஆச்சோ!”

நெல்லான் இறக்கையை விரித்தான். “ஆமாண்ணே, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நார் எடுக்க நேரமாச்சு!” என்று பறந்துவிட்டான்.

எட்டாம் நாள் வாசல் நீளமாகத் தொங்கியது. கருவிழி முதல் முட்டையை வைத்தாள். அடுத்த இரண்டாம் நாள் மழை கொட்டியது. காற்று மரத்தையே உலுக்கியது. நெல்லானின் மூக்கு நமநமவென்றது. மண்ணைப் பார்த்தான். இறக்கையை இறுக்கிக்கொண்டான். தொடவில்லை. கூடு ஊஞ்சலாடியது, விழவில்லை!

அந்த நேரம் பார்த்து ஓணான் கூட்டின் மேல் ஏறியது. ஈர வாசலில் கால் வழுக்கி, தொபுக்கடீர் என்று குளத்தில் விழுந்தது. தலையை ஆட்டிக்கொண்டே நீந்திப் போனது!

மனசுக்கு முடியாமல் போனால் மறைக்காமல் சொல்லி உதவி கேட்க வேண்டும். பயம் கூடவே இருந்தாலும் அன்றன்றைக்கு முடிந்ததைச் செய்துகொண்டே போக வேண்டும்.

மழை விட்டதும் துடியான் வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நெல்லானின் காதோரம் மெல்லச் சொன்னான்.

“நெல்லா, ரெண்டு கூடு கட்டியும் எனக்கு மனசு ஒரு இடத்துல நிக்கலடா. ரெண்டு மாசமாத் தூக்கமே இல்ல. அந்த வைத்தியரம்மாகிட்ட என்னையும் ஒரு நடை கூட்டிட்டுப் போறியா?”