வெண்பாவில் தெரிந்த விஷம்

கொற்றங்குடி மன்னர் கீர்த்திமாறரின் சபையில் பிச்சாண்டி என்றொரு புலவர் இருந்தார். பன்னிரண்டு வருஷமாக வெண்பா பாடுகிறார். இரண்டாம் அடியிலேயே மன்னர், "போதுமய்யா" என்று கையமர்த்திவிடுவார். பிச்சாண்டி கோபித்துக்கொண்டதில்லை. தளை தட்டுவது அவர் காதுக்கே கேட்கும்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மன்னர் சபைக்கு வந்தார். முகம் செக்கச்செவேல். மூன்று செம்பு தண்ணீர் குடித்தும் நாக்கு ஈரமாகவில்லை. மடியில் இல்லாத எறும்பைப் பொறுக்கிக்கொண்டே, "தூணில் கிளி பார்த்தீர்களா?" என்றார்.

"ஆகா, என்ன பச்சை" என்றார் ஆஸ்தானக் கவி உலகளந்தார். மன்னர் யானை என்றிருந்தால் அதையும் பார்த்திருக்கும் சபை அது. பிச்சாண்டியும் தலையாட்டித்தான் வைத்தார்.

பிறகு அவர் முறை. இரண்டாம் அடி தாண்டியது. நாலாம் அடியும் முடிந்தது. மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "அற்புதம். இன்னொரு முறை பாடும்."

பன்னிரண்டு வருஷம் ஏங்கிய வார்த்தை. மாலைக்குக் குனிந்தவர் மன்னரின் கண்ணைப் பார்த்தார். பாவை அகல விரிந்து, கண்ணே கறுத்துக் கிடந்தது. மாலையை வாங்காமல் சட்டென்று நிமிர்ந்து சபையைப் பார்த்துக் கத்தினார்.

"வைத்தியரைக் கூப்பிடுங்கள். மன்னர் சாப்பாட்டில் ஏதோ விஷம்."

"மன்னருக்குப் புத்தி பேதலித்ததென்கிறீரா?" என்று சீறினார் உலகளந்தார். "தலை போகும். என்ன அத்தாட்சி?"

"என் வெண்பா அற்புதமாம்."

சபையே பதறி எழுந்தது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த வைத்தியர் மருதையாகூட ஓடிவந்தார். மிச்சச் சமையலைக் கொண்டுவரச் சொன்னார். கீரைச் சட்டியில், தோட்டத்தில் தவறிப் பறித்த ஊமத்தை இலை கலந்திருந்தது.

"இருட்டறையில் படுக்கவையுங்கள். உடம்பு கொதிக்கிறது, ஈரத்துணி போடுங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள், புரையேறும். தனியாக விடாதீர்கள்."

இரண்டு நாள் போயிற்று. "விஷம் முழுக்க இறங்கியதா?" என்று ராணி கேட்டார். மருதையா பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி அதே வெண்பாவைத் தொடங்கினார்.

இரண்டாம் அடியில் மன்னர் முனகினார். "போதுமய்யா."

ராணி கைகூப்பி அழுதார். பிச்சாண்டிக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் கொஞ்சம் சுருக்கென்றது.

நடந்ததையெல்லாம் கேட்டு மன்னர் வயிறு வலிக்கச் சிரித்தார். முத்துமாலையை எடுத்துப் பிச்சாண்டி கழுத்தில் போட்டார்.

"இது வெண்பாவுக்குத்தானே, மகாராஜா?"

"ஆசை விடவில்லையே உமக்கு. இனி தினமும் நான் சாப்பிட்டு எழுந்ததும் ஒன்று பாடும். நான் 'இன்னொன்று' என்று கேட்டால், பாடாதீர். வைத்தியரைக் கூப்பிடும்."