படித்ததெல்லாம் பட்டியலில்

வரலாற்றுத் துறை மூன்றாம் ஆண்டில் தனராசு, மாயக்கிருஷ்ணன், லூர்துமேரி என்று மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் சொன்னவர்களுக்கு.

மூவரும் சேர்ந்து ஊர்க் கிணறுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கட்டுரை பரவாயில்லை. கடைசியில் வரும் துணைநூற்பட்டியல்தான் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, அவர்கள் கண்ணால்கூடப் பார்க்காத நாற்பது புத்தகங்கள் அதில் இருந்தன. இரண்டாம் முறை, உண்மையிலேயே படித்த மூன்று புத்தகங்கள் இல்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் சரியான பட்டியல் வராவிட்டால் மூவருக்கும் இந்த வருஷம் பட்டம் கிடையாது. லூர்துமேரிக்கு பி.எட். இடம் வேறு காத்திருந்தது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியை மங்கையர்க்கரசி பொறுமையாகத்தான் சொன்னார்: "படிச்சது ஒண்ணையும் விடாதீங்க. படிக்காதது ஒண்ணையும் சேர்க்காதீங்க. அகர வரிசையில எழுதுங்க."

மூன்று புத்தகங்களையும் எழுதி முடித்துவிட்டு, சூசையண்ணன் டீக்கடையில் பஜ்ஜி தின்றார்கள். திடீரென்று தனராசுவின் முகம் வெளுத்தது. பஜ்ஜி மடித்த தாளை அவன் படித்துவிட்டான்.

"முழுசாவா?" என்று கேட்டாள் லூர்துமேரி.

"பாதிதான். மீதி எண்ணெயில ஊறிப்போச்சு."

"அப்ப அடைப்புக்குறிக்குள்ள பாதின்னு போடு. ஆசிரியர் யாரு?"

மாயக்கிருஷ்ணன் நிதானமாக யோசித்தான். "நமக்குக் குடுத்தது சூசையண்ணன்தானே."

வெளியான ஆண்டையும் சூசையிடமே விசாரித்தார்கள். பழசு எதுவும் இல்லை, எல்லாம் இப்போது போட்டதுதான் என்று அவர் சத்தியம் செய்தார். குறித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நிம்மதி போயிற்று. சலூன் பலகை, சிமெண்ட் விளம்பரம், இருமல் மருந்து பாட்டில், இங்கே சிறுநீர் கழிக்காதே என்ற சுவர் என்று எல்லாம் அகர வரிசையில் ஏறின. கட்டுரை பதினொரு பக்கம், பட்டியல் பத்தொன்பது பக்கம். எழுதியது சரியா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தார்கள். படித்துவிட்டதால் பட்டியலையே பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்தது சரியா என்று மறுபடியும் பார்க்கப் போன தனராசுவின் கண்ணை லூர்துமேரி கையால் பொத்தினாள்.

"இனி யாரும் எதையும் படிக்கக் கூடாது," என்றாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைகோத்தபடி பேருந்து நிலையத்தில் நின்றார்கள். இந்த பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்கள். போர்டிலேயே போட்டிருக்கிறதே, துண்டை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள் என்றார் அவர்.

"பாத்தா அகர வரிசை கலைஞ்சிடும்ணே," என்றான் மாயக்கிருஷ்ணன். "நீங்களே சொல்லுங்க. காதால கேக்குறது பட்டியல்ல வராது."

அந்த மனிதர் சத்தமில்லாமல் நழுவிவிட்டார். ஹாரன் சத்தம் பழகினதாகத் தெரிந்த ஒரு பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். அது பக்கத்து ஊர் வரை போய்த்தான் திரும்பியது.

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேராசிரியை அறைக்குள் தடவித் தடவி நுழைந்தார்கள். அவர் பத்தொன்பது பக்கத்தையும் வாசித்தார். பஜ்ஜித் தாள் வந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு முதல் பக்கத்தில் ஏதோ எழுதி, கட்டுரையை அவர்களிடமே நீட்டி, போகச் சொல்லிவிட்டார்.

எழுதியது என்ன என்று பார்க்க வழியில்லை. படித்தால் பட்டியலில் இன்னொரு வரி ஏறும். சூசை கடைக்குத்தான் ஓடினார்கள்.

"அண்ணே, நீங்க வாசிங்க, நாங்க கேட்டுக்கிறோம்," என்று நீட்டினாள் லூர்துமேரி.

சூசை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார்: "தேர்ச்சி. இனிமேல் மூவரும் என் கண்ணில் படவே கூடாது."

லூர்துமேரி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மேடம் சொன்னால் சொன்னதுதான், கண்ணில் படவே மாட்டோம் என்று மூவரும் அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

பட்டமளிப்பு நாள் வந்தது. அடுத்து மேடையில் கூப்பிடப்போவது அவர்களைத்தான். மங்கையர்க்கரசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லூர்துமேரி மெல்ல அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஒரே நிமிஷம் மேடம்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, துவைத்து மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து அவர் கண்ணில் கட்டினாள்.